இடது சக்கரத்துக் குங்குமம்

பேர்லேண்டில் மேடு என்று ஒன்று கிடையாது. ஹூஸ்டனுக்குத் தெற்கே உள்ளங்கையை விரித்து வைத்ததுபோல ஊர் கிடக்கிறது. மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தண்ணீருக்கே தெரியாது. பதினேழு வருடமாக அங்கே குடியிருக்கும் நஞ்சுண்டனுக்கு இது ஒரு குறையாகப் பட்டது அந்த ஏப்ரல் மாதத்தில்தான். தன் பிக்கப் வண்டிக்குப் பெரிய டயர் மாட்டி முடித்திருந்தார். ஒரு சக்கரம் மேட்டில் ஏறி நிற்க, மற்றொன்று பள்ளத்தில் இருக்க, அந்த நிலையில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். தேடினார். பள்ளிக்கூட வாகன நிறுத்தம், மளிகைக் கடை வாகன நிறுத்தம், பக்கத்தில் புதிதாக வீடு கட்டும் மனைகள் எல்லாம் பார்த்தார். எல்லாம் சமதரை. கடைசியில் சமதரையிலேயே வலது, இடது, பின்னோக்கி என்று முழு வட்டம் அடித்துப் பார்த்தார். எங்கும் உரசவில்லை. ஆனாலும் அவர் வாயிலிருந்து 'முடிந்தது' என்ற சொல் வரவில்லை.

வண்டி மகளுக்கு. வான்மதிக்கு இருபத்து நான்கு வயது. டெக்சஸின் மேற்குக் கோடியில், ஆல்பைன் பக்கத்தில், நிலத்தடி நீரை அளக்கும் வேலை. பண்ணை பண்ணையாகப் போய்க் கிணற்றுக்குள் நாடாவை இறக்கி, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று குறித்துவர வேண்டும். பிப்ரவரியில் பயிற்சிக்குப் போனபோது தன்னுடைய சிறிய காரில் போனாள். ஒரு பண்ணைப் பாதையில் பதினைந்து மைல் உள்ளே கூரான கல் இரண்டு டயரை ஒரே சமயத்தில் கிழித்தது. கைபேசியில் சிக்னல் இல்லை. மாடு தேடி வந்த பண்ணைக்காரர் கண்ணில் படும்வரை நான்கு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்திருந்தாள்.

அன்றிலிருந்து நஞ்சுண்டனின் மனைவி சாந்தாமணி, போக வேண்டாம் என்று ஒரே பேச்சாக இருந்தார். "அப்பன் ஊரூராப் போயி ஓட்ட போட்டாரு. மக ஊரூராப் போயி அந்த ஓட்டைக்குள்ள எட்டிப் பாக்கறா. ஏனுங்க, இந்தக் குடும்பத்துக்கு நெலத்துக்கு மேல ஒரு சோலியும் இல்லீங்களா?"

நஞ்சுண்டன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்த் தன் பிக்கப்பின் சக்கரக் கூட்டை அளந்தார்.

அவர் திருச்செங்கோட்டுக்காரர். இன்ஜினியரிங் முடித்ததும் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு ஐந்து வருடம் ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் சுற்றினார். பிறகு மஸ்கட், பிறகு ஹூஸ்டன். இங்கே துளைபோடும் இயந்திரங்களுக்கு வால்வு செய்யும் கம்பெனியில், அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு வால்வையும் சோதிக்கும் பிரிவில் இருக்கிறார். வண்டி வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. காட்டுக்குள் ரிக் நின்றுவிட்டால் பக்கத்தில் நிற்பவன்தான் மெக்கானிக். அப்படி நின்று நின்று கற்றது. கழற்றுவதற்கு முன் சாக்பீஸால் குறி போடுவார். ஒரு பக்கத்தை முடித்து, அதைப் பார்த்து மறுபக்கத்தைச் செய்வார். வேலை ஆனதும் அந்த ரிக் ஆட்கள் சொல்வதைத்தான் இன்றும் சொல்வார்: "ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்."

பழைய டயர் முப்பதரை அங்குல உயரம். புதிது முப்பத்து மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு. அது உள்ளே சுழல இடம் வேண்டும் என்பதற்காக முன்பக்கம் ஸ்பிரிங்குக்கு மேலே தடித்த இரும்பு வட்டு ஒன்று வைத்து வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினார். பின்பக்கம் ஸ்பிரிங் பட்டைகளோடு இன்னொரு பட்டை சேர்த்து ஓர் அங்குலம். டயர்க் கடைக்காரர் ஆறு அங்குலம் தூக்கி முப்பத்தைந்து போடச் சொன்னார். நஞ்சுண்டன் கேட்கவில்லை. அவ்வளவு தூக்கினால் அச்சின் கோணம் மாறும், ஸ்டீயரிங் மூட்டுகள் சீக்கிரம் தேயும், வளைவில் வண்டி சாயும். இரண்டு அங்குலம் என்றால் வண்டி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

"தேர்ட்டி ஃபைவ் போட்டா கூலா இருக்கும்ப்பா," என்றாள் வான்மதி தொலைபேசியில்.

"கூலா இருக்கறதுக்கு உள்ள ஏசி இருக்குது கண்ணு."

மூன்று சனிக்கிழமை பிடித்தது. முதல் வாரம் வலது முன்சக்கரம், இரண்டாவது வாரம் இடது, மூன்றாவது வாரம் பின்பக்கம். பிறகு ஒரு கடையில் கொடுத்துச் சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்து வாங்கினார். சக்கரக் கூட்டின் பிளாஸ்டிக் உறையில் டயருக்கு மிக அருகில் வந்த ஓரத்தை வெட்டி, மீதியைச் சூடுகாட்டிப் பின்னால் தள்ளினார். டயர் பெரிதானதால் வேகமானி குறைத்துக் காட்டும். அதற்காக முள்ளுக்கு அருகே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார்: 'இங்கே 70 என்றால் ரோட்டில் 75. இங்கே 75 என்றால் ரோட்டில் 80. அதற்குமேல் வேண்டாம்.'

சாந்தாமணி வண்டியை முதலில் பார்த்தபோது, அதன் கதவு தன் தோளுக்கு வருவதைப் பார்த்தார். "இதுல ஏறணும்னா எனக்கு இன்னொரு முட்டி வேணும்," என்றார். நஞ்சுண்டன் மறுநாளே பக்கவாட்டில் கால் வைத்து ஏற ஒரு படி பொருத்தினார்.

வீட்டுக்கு வந்திருந்த வான்மதி ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. ஐந்நூற்று அறுபது மைல். திங்கள் காலை வேலையில் இருக்க வேண்டும். சனிக்கிழமை காலை மீனாட்சி கோயிலில் வண்டிக்குப் பூஜை.

வெள்ளிக்கிழமையே சாந்தாமணி வண்டியின் பின்பக்கத்தை நிரப்பத் தொடங்கிவிட்டார். அரிசி இரண்டு மூட்டை, குக்கர் மூன்று, ஒரு வெட் கிரைண்டர்.

"மா, கிரைண்டர் எதுக்கு? ஐ லிவ் அலோன்," என்றாள் வான்மதி.

"தனியா இருந்தா இட்லி எறங்காதா உனக்கு? அங்க கெணறு இருக்குது, சரி. மாவாட்டற கல்லு இருக்குதா?"

கோயிலில் குருக்கள் வண்டியின் முகப்பில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார். நான்கு டயருக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு எழுந்து, டயரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இந்த டயருக்கு எலுமிச்சை எல்லாம் பல்லுக்குள்ள போயிடும். பூசணிக்காய்தான் வெச்சிருக்கணும்."

சாந்தாமணிக்கு வேறொரு குறை. "டயருக்குப் பொட்டு வெக்கலீங்களே சாமி."

"முன்னாடி வெச்சாச்சும்மா. அதுவே எல்லாத்துக்கும்."

"ரோட்டத் தொடறது டயருங்களே," என்று சொல்லிவிட்டு, சாந்தாமணி கைப்பையிலிருந்து குங்குமப் பொட்டலத்தை எடுத்தார். ஒரு காகிதக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்தார். ஒரு பொட்டோடு நிறுத்தவில்லை. மூன்று விரலால் அள்ளி, டயரின் இந்த ஓரத்திலிருந்து உள்பக்க ஓரம்வரை பட்டையாக இழுத்தார். கை சக்கரக் கூட்டுக்குள் முழங்கைவரை போய்வந்தது. நான்கு சக்கரத்துக்கும் அப்படியே.

"எதுக்குமா இவ்ளோ?" என்றாள் வான்மதி.

"இத்தா அகல நெத்திக்கு ஒரு பொட்டு பத்துமா?"

குருக்கள் சிரித்தார். நஞ்சுண்டன் வண்டியை எடுத்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. முன்னால் ஒரு வேன் குறுக்கே நின்றதால் ஸ்டீயரிங்கை இடதுபக்கம் முழுதாக ஒடித்துத்தான் வெளியே வர வேண்டியிருந்தது. அந்த இடத்தில் ஒரு வேகத்தடை. இடது முன்சக்கரம் மட்டும் அதில் ஏறி இறங்கியது.

சரக்.

துணி கிழிவதுபோலச் சின்னச் சத்தம். மூன்று பேருக்கும் கேட்டது.

"என்னங்க அது?"

நஞ்சுண்டன் பிரேக்கில் கால் வைத்து ஒரு நொடி யோசித்தார். "பழம். தோல் டயர்ல சிக்கியிருக்கும்."

ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். டயரின் பள்ளத்தில் எலுமிச்சைத் தோல் ஒன்று உண்மையிலேயே சிக்கியிருந்தது. சாவியால் நெம்பி எடுத்து ஜன்னல் வழியாக மனைவியிடம் காட்டினார். சாந்தாமணி தலையாட்டினார். வீட்டுக்குப் போகும் வழி முழுதும் சமதரை, நேரான சாலை. சத்தம் வரவில்லை. அரைமணி நேரத்தில் நஞ்சுண்டன் அதை மறந்தேவிட்டார்.

இதுவரை தெருவின் மறுமுனை வழியாக வந்து வலதுபக்கமே திரும்பியவர், கோயில் வழியில் வந்ததால் இன்று வீட்டு வாசலில் வண்டியை இடதுபக்கம் முழுதாக ஒடித்து உள்ளே திருப்பினார். தெருவுக்கும் வாசலுக்கும் நடுவே மழைநீர் ஓட ஒரு சிறு பள்ளம், அதன்பின் ஒரு விளிம்பு. இடது சக்கரம் விளிம்பில் ஏறியது.

சரக்.

நஞ்சுண்டன் இஞ்சினை நிறுத்தினார். எலுமிச்சைத் தோலை அவரே எடுத்துப் போட்டிருக்கிறார். அது கோயில் வாசலில் கிடக்கிறது.

"எலுமிச்சம்பழம் இல்லீங்க," என்றார் சாந்தாமணி.

"இல்ல."

மணி பன்னிரண்டரை. அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து வண்டிக்கு முன்னால் குந்தினார். சத்தம் இடதுபக்கம் என்பது தெரிகிறது. முழுதாக ஒடித்து, சக்கரம் மேலே ஏறும்போது மட்டும் வருகிறது என்பதும் தெரிகிறது. எங்கே படுகிறது என்பதுதான் தெரியவில்லை. விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். டயர் கறுப்பு, பிளாஸ்டிக் உறை கறுப்பு, ரப்பர் குழாய்கள் கறுப்பு, வண்டியின் அடிச்சட்டத்துக்கு அடித்த பெயிண்டும் கறுப்பு. இரண்டே தடவை உரசியதற்கு ஒரு கீறல்கூட விழவில்லை. உறையில் பட்டிருந்தால் ஒன்றுமில்லை, இன்னும் அரை அங்குலம் வெட்டிவிடலாம். வேறு எதிலாவது பட்டிருந்தால்?

எழுந்தார். "தெரியற வரைக்கும் இந்த வண்டி போகாது," என்றார்.

வான்மதி படியில் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, மண்டே எனக்கு ஃபர்ஸ்ட் டே. ஐ ஹேவ் டு பி தேர். இது ரெடி இல்லன்னா நான் என் கார்லயே போறேன்."

"அந்தக் கார்லயா?"

"வேற என்ன பண்றது?"

நஞ்சுண்டன் மனைவியைப் பார்த்தார். இரண்டு மாதமாகப் போக வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. சாந்தாமணியும் அதை நினைத்திருக்க வேண்டும். வண்டியின் அருகே வந்து நின்றார்.

"அவளப் போக வேண்டாம்னு சொல்றதுன்னா நாஞ் சொல்றேன்," என்றார். "வண்டி சொல்ல வேண்டாம். என்னன்னு பாருங்க."

நஞ்சுண்டன் கராஜில் கிடந்த மரப்பலகைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வாசலில் அடுக்கினார். பேர்லேண்டில் இல்லாத மேடு அப்படி உண்டாயிற்று. வான்மதி ஓட்ட வேண்டும், அவர் தூரத்தில் புல்தரையில் நின்று கேட்க வேண்டும். சக்கரம் அசையும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பதில் அவர் கறார். ரிக் வண்டியில் ஓர் ஆளுக்குக் கால்விரல்கள் போனதைப் பார்த்தவர்.

"முழுசா ஒடி. மெதுவா ஏத்து. ஏறுனதும் பிரேக்க டக்குனு புடி, மூக்கு அமுங்கட்டும்."

சரக்.

"அப்படியே நிறுத்து. சாவியப் பிடுங்கு. கைபிரேக் போடு."

சக்கரம் ஒடித்தபடியே நின்றது. நஞ்சுண்டன் பின்பக்கமிருந்து தலையை நுழைத்துப் பார்த்தார். வயிறு இடித்தது, கண்ணாடி நழுவியது. கறுப்புக்குள் கறுப்பு.

"தள்ளுங்கப்பா. நான் ஸ்கின்னியா இருக்கேன்ல." வான்மதி விளக்கை வாங்கிக்கொண்டு மல்லாந்து படுத்து, டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே தலையை விட்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மா, உள்ள இருக்கற ஹோஸ்க்குமா குங்குமம் வெச்சீங்க?"

"நான் டயருக்குத்தான் வெச்சேன்."

"தேர் இஸ் எ ரெட் லைன். ஹோஸ் மேல. ஒரு இன்ச் இருக்கும்."

நஞ்சுண்டன் மகளின் காலைத் தட்டி வெளியே வரச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை வயிற்றைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே போனார். விரலளவு தடிமனில் ஒரு ரப்பர் குழாய். சட்டத்திலிருந்து சக்கரத்துக்குப் போகிறது. அதன் வளைவில், வெளிப்பக்கம், பேனாவால் கோடு போட்டதுபோலச் சிவப்பு. கோயிலில் ஈரமாக இருந்தபோதே டயரின் உள் ஓரம் அதைத் தொட்டு அச்சு வைத்துவிட்டிருக்கிறது.

வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தார்.

"என்ன ஒயருங்க அது?" என்றார் சாந்தாமணி.

"ஒயர் இல்ல. பிரேக் ஹோஸ். பிரேக் ஆயில் அதுக்குள்ளதான் போவுது."

"அது உரசினா?"

மனைவியிடம் அவர் எதையும் மறைத்துச் சொன்னதில்லை. "கல்லு ரோட்ல தெனமும் நூறு தடவ உரசும். ஒரு மாசம் தாங்கலாம், ரெண்டு மாசம் தாங்கலாம். அப்பறம் அறுந்துரும். பிரேக் மிதிச்சா கால் உள்ள போயிரும்."

வான்மதி தன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். சாந்தாமணி கையிலிருந்த துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

நஞ்சுண்டன் வலதுபக்கம் போய் அந்தப் பக்கத்துக் குழாயைப் பார்த்தார். அது உள்ளடங்கி, சட்டத்தை ஒட்டி இருந்தது. குழாயைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பில் பல் மாதிரி ஒரு சிறு நாக்கு. அது சட்டத்திலுள்ள துளைக்குள் உட்கார்ந்தால்தான் கிளிப் நேராக நிற்கும். வலதுபக்கம் உட்கார்ந்திருந்தது. இடதுபக்கம் வந்து விரலால் தடவினார். நாக்கு துளைக்கு வெளியே நின்றது. அதன்மேலேயே போல்ட் இறுக்கப்பட்டிருந்தது. கிளிப் கால்வாசி திரும்பி, குழாயை வெளிப்பக்கம் வளைத்திருந்தது.

"யாரு பண்ணுனது இப்புடி?" என்றார் சாந்தாமணி. தெரிந்தேதான் கேட்டார்.

"நாந்தான். இந்தப் பக்கம் போடறப்ப கம்பெனில இருந்து போன் வந்துச்சு. நாப்பது நிமிசம் பேசிட்டு வந்து போல்ட்ட முறுக்கிட்டேன். அந்தப் பக்கத்தோட ஒத்துப் பாக்கல."

"வேற மெக்கானிக் பண்ணியிருந்தா?"

"கடைசி வரைக்கும் திட்டியிருப்பேன்."

"அப்ப நீங்களே திட்டிக்கோங்க. எனக்கு அடுப்புல வேல இருக்குது." அப்படிச் சொன்னாரே தவிர நகரவில்லை.

நஞ்சுண்டன் சக்கரத்தைக் கழற்றினார். ஈரத்துணியால் குழாயைத் துடைத்தார். குங்குமம் துணிக்கு வந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விளக்கை ஒட்டிப் பிடித்து, குழாயை வளைத்துப் பார்த்தார். நகத்தால் தடவினார். சிவப்பு இருந்த இடத்தில் ரப்பர் வழவழவென்றே இருந்தது. ஒரு வெடிப்பு இல்லை, ஒரு சொரசொரப்பு இல்லை. மகளின் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார்.

"எதாவது தட்டுப்படுதா?"

"நோ. ஸ்மூத்."

"கண்ண மூடிட்டுச் சொல்லு."

"அப்பா. ஸ்மூத்."

அதன்பிறகுதான் கிளிப்பைக் கழற்றி, நாக்கைத் துளையில் உட்கார வைத்து, போல்ட்டை முறுக்கினார். குழாய் தானாகவே உள்ளே மடங்கிச் சட்டத்தை ஒட்டிக்கொண்டது. வாரக்கணக்கில் வெளியே நின்றதைத் திருப்ப மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

சக்கரத்தை மாட்டிவிட்டு நிமிர்ந்தார். "சாந்தா, குங்குமம் இன்னும் இருக்குதா?"

"எதுக்குங்க?"

"குழைச்சு எடுத்துட்டு வா. நெறையா. இட்லி மாவு பதத்துக்கு."

சாந்தாமணி ஒரு பெரிய கிண்ணத்தில் கொண்டுவந்தார். சாக்பீஸ் கறுப்பு ரப்பரில் சரியாக ஒட்டாது என்பது நஞ்சுண்டனுக்கு இத்தனை வருட அனுபவம். கெட்டியாகக் குழைத்த குங்குமம் ஒட்டும், தொட்ட இடத்தில் அச்சும் வைக்கும் என்பது இன்று மதியம் கற்றது. முன்சக்கரம் இரண்டுக்கும் உள் ஓரம், வெளி ஓரம் இரண்டிலும் சுற்றிச் சுற்றிப் பூசினார். முழங்கைவரை சிவப்பு.

எதிர்வீட்டு கேரி, வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், புல்லுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காலையில் பூஜைக்கு வண்டி பூமாலையோடு புறப்பட்டதையும் அவர் பார்த்திருந்தார். "நன், செகண்ட் பிளெஸ்ஸிங் டுடே?" என்று கேட்டார். அவருக்கு நஞ்சுண்டன் வெறும் 'நன்'.

"தேர் வாஸ் எ பக் இன் த ஃபர்ஸ்ட் ஒன்," என்றாள் வான்மதி.

கேரி புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டுத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பினார்.

பலகைமேல் இடதுபக்கம் ஏற்றினார்கள், வலதுபக்கம் ஏற்றினார்கள், முன்னோக்கி, பின்னோக்கி, பிரேக் பிடித்து, பிடிக்காமல். பின்னால் அரிசி மூட்டைகளும் கிரைண்டரும் இருந்தது நல்லதாயிற்று. நாளை போகிற எடையிலேயே சோதித்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் வான்மதி இறங்கி உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். வலதுபக்கம் பிளாஸ்டிக் உறையின் முன்மூலையில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்பு. அதை நஞ்சுண்டன் கத்தியால் அரை அங்குலம் சீவினார். அதற்குப் பிறகு அதுவும் இல்லை. குழாய் இரண்டும் கறுப்பாகவே இருந்தன.

"ஹோஸ்?"

"கிளீன்."

"இன்னொருக்கா பாரு."

"நாலு தடவ பாத்தாச்சுப்பா. கிளீன்."

வாசல் சிமெண்டுத் தரையெல்லாம் சிவப்புத் தடம். சாந்தாமணி தண்ணீர்க் குழாயைத் திறந்து கழுவப் போனார். "இருக்கட்டும் விடு, மழையில போயிரும்," என்றார் நஞ்சுண்டன். இரண்டு மாதத்தில் முதல்தடவையாக அவர் ஒரு வேலையை மழைக்கு விட்டுவைத்தார். அப்போதுதான் மூன்று பேருக்கும் இன்னும் மதியச் சாப்பாடு ஆகவில்லை என்பது நினைவுக்கு வந்தது. மணி நாலேகால்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு இரண்டு வண்டிகள் கிளம்பின. முன்னால் பிக்கப்பில் வான்மதி. பின்னால் அவளுடைய பழைய சிறிய காரில் நஞ்சுண்டனும் சாந்தாமணியும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் ஐம்பது மைல் ஓடியபின் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்க வேண்டும். அதை வான்மதியே செய்வாள், செய்யத் தெரியும். ஆனால் முறுக்குவிசை காட்டும் ஸ்பேனர் வீட்டில் ஒன்றுதான் இருந்தது, அதைக் கொடுத்தனுப்ப அவருக்கு மனமில்லை. அப்படித்தான் சொன்னார்.

சீலி என்ற சிற்றூரில் பெட்ரோல் பங்கில் நிறுத்தினார்கள். நஞ்சுண்டன் ஸ்பேனரை எடுத்து ஒவ்வொரு நட்டாக வைத்தார். சக்கரத்துக்கு ஆறு நட்டு. ஒவ்வொன்றிலும் டக் என்ற ஒலி வந்தது. ஒன்றுகூடத் தளரவில்லை. கடைசி நட்டுக்கு ஸ்பேனரை மகளிடம் கொடுத்தார். அவள் முறுக்கினாள். டக்.

"சர்டிஃபைட்?" என்றாள்.

"ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லு."

சாந்தாமணி பக்கவாட்டுப் படியில் கால் வைத்து ஏறி, கதவைப் பிடித்துக்கொண்டு, வேகமானிக்கு அருகே ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். "எழுவதுன்னா எழுவத்தஞ்சா? அப்ப நீ சீக்கரம் போயிச் சேந்துருவ."

"இல்லமா. சேம் டைம்தான். மீட்டர்தான் பொய் சொல்லும்."

"பொய் சொல்றதுக்கு எதுக்கு மீட்டரு," என்று இறங்கினார். மகளின் கன்னத்தைத் தொட்டார். விரல் நகங்களில் நேற்றைய சிவப்பு இன்னும் போகவில்லை.

திரும்பி வரும் வழியில் சாந்தாமணி இருக்கையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். இரண்டு மாதமாகக் காரில் அவர் தூங்கியதே இல்லை. நஞ்சுண்டன் வானொலியைப் போடாமல் ஓட்டினார். சிறிய காரில் எல்லாம் தாழ்வாக இருந்தது. லாரிகளின் சக்கர நட்டுகள் கண் மட்டத்தில் போய்க்கொண்டிருந்தன.

மாலை நான்கரைக்குப் படம் ஒன்று வந்தது. வான்மதி வாடகைக்கு எடுத்திருக்கும் அறை ஒரு பண்ணைக்குள், கப்பிச் சாலையில் பதினோரு மைல். போய்ச் சேர்ந்ததும் அவள் முதலில் செய்தது, இடது சக்கரத்தை ஒடித்து உள்ளே கைபேசியை நீட்டிப் படமெடுத்தது. எல்லாவற்றின்மேலும் மாவு தூவியதுபோல வெள்ளைப் புழுதி. சட்டம், கிளிப், குழாய் எல்லாம் ஒரே வெள்ளை. நஞ்சுண்டன் படத்தைப் பெரிதாக்கினார். கிளிப்பின் நாக்கு துளைக்குள் இருந்தது. குழாயின் வளைவில் புழுதி கலையாமல், ஒரு துடைப்புக்கூட இல்லாமல், சீராகப் படிந்திருந்தது. டயர் அந்தப் பக்கமே போகவில்லை.

கூடவே ஒரு குரல் செய்தி. "அப்பா, நோ சவுண்ட். லோ வாட்டர் கிராசிங், அந்த ஓடைப் பள்ளம், ரெண்டு. மாடு தாண்டாம ரோட்ல கம்பி பதிச்ச கேட்டில் கார்டு நாலு. எல்லாத்துலயும் ஃபுல்லா ஒடிச்சுப் பாத்தேன். ஓட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்: முடிஞ்சுது."

அதை இரண்டு தடவை கேட்டுவிட்டுக் கைபேசியை மனைவியிடம் நீட்டினார். சாந்தாமணி கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்.

"டயர்ல குங்குமம் ஒண்ணுமே காணோமுங்க."

"ரோட்ல போயிருக்கும். ஹோஸ்ல இல்ல. அதான் வேணும்."

"தூசி இருக்குது பாருங்க எத்தா. தொடைக்கச் சொல்லுங்க."

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

அவர் கராஜுக்குப் போனார். காரின் பின்பெட்டியில் ஸ்பேனர் காலையில் வைத்தபடியே இருந்தது. வேலை முடிந்ததும் அதன் பிடியைத் திருகி ஸ்பிரிங்கைக் கடைசிவரை தளர்த்தி வைக்க வேண்டும். முறுக்கியபடியே விட்டால் நாளடைவில் பொய் சொல்லும். சீலியில் மறந்துவிட்டார். இதுவரை மறந்ததே இல்லை. மேஜையோரம் நின்று பிடியைத் திருகினார். எண்கள் ஒவ்வொன்றாக இறங்கின. நூறு, எண்பது, அறுபது. கடைசிக் கோட்டுக்கு வந்து பிடி லொடலொடத்ததும் அதைப் பெட்டியில் படுக்கவைத்து மூடினார்.